அழற்சி குறைய என்ன சாப்பிடுவது? ஈரோடு வாசகிக்கு மருத்துவரின் பதில்

ஈரோடு மாவட்டத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சுருக்கித் தருகிறேன்.

மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. கணவர் விசைத்தறி நடத்துகிறார். மகன் கல்லூரியில், மகள் பிளஸ் டூவில். 78 வயது மாமியாருக்கு மூன்று வருடமாக மறதி நோய். நடுராத்திரியில் எழுந்து ‘எங்க ஊருக்குப் போகணும்’ என்று கதவுத் தாழ்ப்பாளை இழுப்பார். பக்கத்தில் படுத்து, எழுந்து, சமாதானம் சொல்லித் திரும்பப் படுக்க வைப்பது இவர் மட்டும்தான். ஆறேழு மாதமாகத் தீராத அசதி. காலையில் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. ‘தோசைக் கரண்டியை இறுக்கிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது’ என்கிறார். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, வந்தால் பத்து நாள் நிற்பதில்லை. பிள்ளைகள் மீது எரிந்து விழுந்துவிட்டுக் குளியலறையில் போய் அழுகிறார்.

முழு உடல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6, இ.எஸ்.ஆர். 42, இதய ஆபத்தைக் கணிக்கும் நுண்ணளவு சி.ஆர்.பி. 7.4, மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2. தைராய்டு சரியாக இருக்கிறது. எடை 71 கிலோ, உயரம் 154 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. ‘அழற்சிதான் எல்லா நோய்க்கும் வேர்’ என்ற காணொளிகளைப் பார்த்து மூன்று மாதமாகச் சோறு, பருப்பு, தக்காளி, கத்தரிக்காய், பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையில் வெறும் வயிற்றில் ஆப்பிள் சிடர் வினிகர், இரண்டு வேளை மஞ்சள்–மிளகுச் சத்து மாத்திரை, வலி தாங்காத நாளில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. தினம் பத்தாயிரம் அடி நடக்க முயன்று, முழங்கால் வலித்து விட்டுவிட்டார்.

அவர் கேட்பது: ‘இந்த அழற்சி புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா? ஆங்கில மருந்து இல்லாமல் சாப்பாட்டிலேயே குறைக்க முடியுமா? எனக்கு உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே இருக்கிறது?’

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: ‘ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி எத்தனை மாதம் ஆச்சு என்று தெரியவில்லை.’ கேள்விகளில் தூக்கத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் பதிலில் அதற்குத்தான் அதிக இடம். அதற்கு முன் எண்களைப் பார்த்துவிடுவோம்.

அறிக்கையில் உள்ள எண்கள்

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அழற்சி என்பது காயத்துக்கோ தொற்றுக்கோ உடம்பு காட்டும் தற்காப்பு; அந்த இடம் சிவந்து, வீங்கி, வலிக்கும். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் சி.ஆர்.பி. ஏறும். எங்கே, எதனால் என்று அது சொல்லாது. சளி, ஈறு நோய், சிறுநீர்த் தொற்று, வயிற்றுக் கொழுப்பு, மூட்டு நோய் எதுவும் அதை ஏற்றலாம். 7.4 என்பதைப் புற்றுநோய்க்கான அறிகுறியாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் எடுத்த வகை, மற்றபடி நலமாக இருப்பவருக்கு இதய ஆபத்தைக் கணிப்பதற்கானது; 1-க்குக் கீழ் குறைவு, 3-க்கு மேல் அதிகம். அதையும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்துத்தான் முடிவு செய்வோம். விரல்கள் மடங்காமல் இருக்கும்போது அந்தக் கணக்கே பொருந்தாது.

ரத்த அணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் இ.எஸ்.ஆர். அழற்சியைக் காட்டும் இன்னொரு எண். அது பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் வரும் எண்வரை இருக்கலாம். உங்களுக்கு 28. உங்களுடையது 42. ஆனால் ரத்தசோகை இருந்தாலே இ.எஸ்.ஆர். ஏறும். உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே அப்படித்தான் சொல்வோம், 9.6 என்பது மிதமான ரத்தசோகை. அந்த அறிக்கையில் என் கண்ணில் முதலில் பட்டது இந்த எண்தான். நீங்களோ சிவப்பு எழுத்தில் இருந்த சி.ஆர்.பி.யை மட்டும் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகையோடு நடமாடுகிறார்கள் என்பதாலோ என்னவோ, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலை கிறுகிறுப்பு, எரிச்சல், அசதி என நீங்கள் எழுதிய பாதி தொல்லைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொன்று: இரும்புச்சத்துக் குறைவு இருக்கும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 6.2-ஐ ரத்தசோகை சரியான பிறகு மறுபடி பார்த்துவிட்டு நம்புவோம்.

விரல்களைக் காட்டுங்கள், இந்த வாரமே

சாதாரணத் தேய்மானத்தில் காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இரண்டு கையிலும், ஒரு மணி நேரம், ஆறு வாரத்துக்கு மேல் என்றால் முடக்குவாதம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் மூட்டுகள் பிடித்துக்கொள்வது உண்டு. ஆனால் முடக்குவாதமாக இருந்தால் மூட்டு எலும்பு அரிபடுவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அரிபட்ட மூட்டைப் பழையபடி ஆக்க எந்த உணவாலும் முடியாது, மருந்தாலும் முடியாது. சீக்கிரம் மருந்து தொடங்கியவர்கள் பலர் கை கோணாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ‘முதலில் சாப்பாட்டில் முயன்று பார்க்கிறேன், பிறகு மருத்துவரிடம் போகிறேன்’ என்ற உங்கள் வரிசையை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் காட்டலாம். முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. காரணி, ஆன்ட்டி-சி.சி.பி., இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகள் வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் காலையில், விரல் வீங்கியிருக்கும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பத்து மணிக்குப் புற நோயாளிகள் பிரிவுக்குப் போய்ச் சேரும்போது வீக்கம் வடிந்திருக்கும். பத்து நாள் நிற்காத உதிரப்போக்கை மகப்பேறு மருத்துவரிடமும் காட்டுங்கள். 45 வயதுக்கு மேல் அதை ‘நிற்கப் போகும் நேரம், அப்படித்தான் இருக்கும்’ என்று விடக்கூடாது. கர்ப்பப்பை ஸ்கேன் அவசியம், அதன் உள்படலத்தையும் பார்க்க வேண்டியிருக்கலாம். ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் எவ்வளவு கீரை தின்றும் ஹீமோகுளோபின் ஏறாது.

நிறுத்த வேண்டியவை

முதலில் அந்த மஞ்சள்–மிளகு மாத்திரை. மஞ்சளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரலியும் கிழங்கும் தரம் பிரித்து ஏலம் போவதைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். அதில் மருந்துக் குணமுள்ளதாகச் சொல்லப்படும் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதுவும் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. அதனால்தான் மாத்திரையில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு, பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறுவதைக் காட்டியது. கேட்க நல்ல சேதியாகத் தெரியும். ஆனால் இப்படிச் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை தின்று கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம், தாராளமாகப் போடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, கல்லீரல் பரிசோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

அப்புறம் கடையில் வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் புண்ணை உண்டாக்கி, தெரியாமலே ரத்தம் கசிய வைக்கும். ஏற்கெனவே 9.6 இருப்பவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். கடைக்காரர் தந்த உறையில் பெயரில்லாத சின்ன வெள்ளை மாத்திரையும் சேர்ந்திருந்தால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். அதைப் பல வாரமாக எடுத்துவந்திருந்தால் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் உறையோடு காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். வினிகர் பல் எனாமலை அரிக்கும், நெஞ்செரிச்சலைக் கூட்டும், வேண்டாம்.

தட்டில் என்ன இருக்கலாம்

தக்காளியும் கத்தரிக்காயும் அழற்சியை உண்டாக்கும் என்பதற்கு நல்ல சான்று எதுவும் இல்லை. யாராவது ஒருவருக்கு அதைத் தின்றால் வலி கூடுவதாகப் பட்டால் அவர் தவிர்க்கலாம், அவ்வளவுதான். பால் குடித்தால் வயிறு உப்பாதவர் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ‘வாயு’ என்று பருப்பை நிறுத்தியதுதான் எனக்கு மிகவும் வருத்தம். மூன்று மாதமாக உங்கள் உடம்புக்குப் புரதமும் இல்லை, அதோடு சேர்ந்து வரும் இரும்பும் இல்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு இருக்கிறது: கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு, பயறு 85 கிராம், கொட்டை, விதைகள் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டில் தானியம் இதைத் தாண்டிவிடும், காய்கறி பாதிகூட வராது. ஆகவே சோற்றை நிறுத்துவது தேவையில்லாத தண்டனை. கரண்டிக் கணக்கை மாற்றினால் போதும். நீங்கள் மிகவும் ஏங்குவதாக எழுதிய அரிசிம்பருப்புச் சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று போடுவதை ஒன்றுக்கு ஒன்று என்று போடுங்கள். சோறு எவ்வளவோ அதே அளவு முருங்கைக்கீரைப் பொரியலும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிரும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு நாள் கம்மங்கூழ், ஒரு நாள் பச்சைப்பயறு தோசை. வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஏதாவது ஒன்று சாப்பாட்டோடு இருந்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீ அதைக் கெடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இவை அழற்சிக்கு என்ன செய்கின்றன? நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து, குடல் சுவரைக் காக்கும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. தயிர் போன்ற நொதித்த உணவுகளைப் பத்து வாரம் கூட்டிச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் 19 வகை அழற்சிப் புரதங்கள் குறைந்ததை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021-இல் காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தயிரை விட்டவர் திரும்பத் தொட அது போதுமான காரணம். மத்தி, அயிலை மீனின் ஒமேகா-3 முடக்குவாத வலியை ஓரளவு தணிக்கிறது. வாரம் இரண்டு நாள் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். மண்டியில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீயோடு வரும் வர்க்கியும் போண்டாவும்தான் உண்மையில் குறைய வேண்டியவை. அந்த இடத்தில் ஒரு பிடி நிலக்கடலை.

உங்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வயிற்றின் உள்ளே சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். 71 கிலோவில் மூன்று, நான்கு கிலோ குறைந்தாலே மாற்றம் தெரியும். சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள் உணவையும் நடையையும் மாற்றியதிலேயே நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது.

பத்தாயிரம் அடி வேண்டாம்

அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் விளம்பரத்திலிருந்து பரவியது. வயதான பெண்களை வைத்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நீங்கள் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடங்கள். வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது 150 முதல் 300 வரை. மதியம் மண்டி வளாகத்துக்குள்ளேயே நடக்கலாம், செருப்பு மட்டும் நல்லதாக இருக்கட்டும். முழங்கால் வலித்தால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை. வேலை செய்யும் தசையும் அதே இன்டர்லூகின்-6-ஐத்தான் விடுகிறது. ஆனால் அது கொஞ்ச நேரம் ஏறி இறங்கி, பின்னாலேயே அழற்சியை அடக்கும் பொருள்களைக் கிளப்பிவிடுகிறது. கை விரல்களுக்குக் காலையில் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம், உள்ளேயே மூடித் திறந்தபடி. வீக்கம் இருக்கும் நாளில் அழுத்திப் பிசையாதீர்கள்.

இரவு

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், மறதி நோயுள்ள உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேரையும், அதே வயதுள்ள மற்றப் பெண்கள் 13 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் காயம். பராமரிக்கும் பெண்களுக்கு அது ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. 1995-இல் வந்த ஆய்வு இது. அதே குழு 2003-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மறதி நோயுள்ள துணைவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்டர்லூகின்-6 ஆண்டுக்காண்டு ஏறிய வேகம் மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. துணைவர் இறந்து சில வருடம் ஆன பிறகும் அந்த வேகம் குறையவில்லை.

மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் கொஞ்ச நேரத்துக்கு அழற்சியை அடக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் செல்கள் அந்தக் கட்டளைக்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றன. அதோடு தூக்கமும் உடைந்துகொண்டே இருந்தால் அழற்சி ஏறும், பசி ஏறும், நாலு மணிக்குப் போண்டா கேட்கும். மனத்திடம் போதவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். தூங்காத உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஆகவே நான் எழுதித் தரும் முதல் மருந்து: வாரத்தில் நான்கு இரவு வேறொருவர் அத்தை பக்கத்தில் படுக்க வேண்டும். இந்தப் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உங்கள் கணவருக்கும் கல்லூரி மகனுக்கும் ஆளுக்கு இரண்டு இரவு. கோவையில் இருக்கும் கொழுந்தனார் ‘வாடகை வீடு, இடமில்லை’ என்கிறாராம். சரி, அப்படியானால் பகலில் ஒரு பராமரிப்பு ஆளுக்கான சம்பளத்தை அவர் தரட்டும். நாத்தனார் மாதம் ஒரு வாரம் வந்து தங்கட்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பெற்ற மகன், மகள் இருவர் மீதும் அந்தப் பொறுப்பை வைக்கிறது. மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. ‘மருமகள் செய்யாமல் யார் செய்வது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்துக்காகச் சொல்கிறேன்.

அத்தை இரவில் எழுவதையும் விதி என்று விடவேண்டியதில்லை. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வெளியே சொல்லத் தெரியாத வலி, மதியத் தூக்கம், மாலை டீ இவற்றில் ஏதாவது அவரை எழுப்பிக்கொண்டிருக்கலாம். மருத்துவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். காலை வெயிலில் உங்கள் கணவர் அவரைக் கால் மணி நேரம் நடத்திக் கூட்டிப்போகட்டும். சாயங்காலமே வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள், தடுக்கி விழுவார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தை பெயரைப் பதிந்து வையுங்கள். முதியோர் உதவி எண் 14567.

குளியலறை அழுகையைப் பற்றி ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் இருண்டு கிடந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். சாவைப் பற்றிய எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

விரல் வீக்கத்தோடு காய்ச்சல், மலம் கறுப்பாகப் போவது, கண் மஞ்சளாவது, நெஞ்சில் அழுத்தம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி இரும்புச்சத்து மருந்து தொடங்கி மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின், சி.ஆர்.பி., சர்க்கரை மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டாம், சி.ஆர்.பி. வீணாக ஏறிக் காட்டும். முடிவு வந்ததும், வாரத்தில் எத்தனை இரவு முழுசாகத் தூங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.